ஆறு மடங்கு

மைக்கின் பொத்தானை நான் அழுத்தியது மூன்று விநாடிதான் இருக்கும். 1982 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பினாங்கு, ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் நான்காவது மாடி, பரமநாதன் அண்ணன் வீட்டுப் பின்னறை. அவர் கோப்பி எடுத்துவர அடுப்படிக்குப் போயிருந்தார்.

மேசையில் ஒரு படகு ரேடியோ திறந்து கிடந்தது. மீனவர்கள் கடலில் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளும் செட். அதன் ஏரியல் துளையிலிருந்து ஒரு கேபிள் பக்கத்தில் இருந்த பச்சைப் பெட்டிக்குப் போயிற்று. பச்சைப் பெட்டி என்று நாங்கள் சொன்னது ஒரு சிக்னல் ஜெனரேட்டர். பிரிட்டிஷ் ராணுவத்துக்காக ஐம்பதுகளில் செய்தது, முப்பது கிலோ எடை. பட்டர்வொர்த்தில் ஒரு பழைய இரும்புக் கடையில் அதைக் கண்டெடுத்து, தள்ளுவண்டியில் வைத்துப் படகேற்றிக் கொண்டுவந்து, நானும் அவரும் மாடி மாடியாக நின்று மூச்சு வாங்கித் தூக்கி வைத்தோம். எட்டு மாதம் ஞாயிறு ஞாயிறாக அதைப் பழுது பார்த்தார். மெழுகு உருகி வழிந்திருந்த கண்டென்சர்கள் அத்தனையையும் மாற்றினார். உள்ளே கரப்பான் முட்டைகள் இருந்தன. பூஞ்சை பிடித்த சுவிட்ச் முனைகளை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் ஒவ்வொன்றாகத் துடைத்தார். வால்வுகள் ஆரஞ்சு நிறத்தில் ஒளிர ஆரம்பித்த அன்று தன் மனைவி யோகம்மா அக்காவைக் கூப்பிட்டு விளக்கை அணைத்துக் காட்டினார். "கார்த்திகைக்கு இதையே வெச்சிடலாம்" என்று அக்கா சொல்லிவிட்டுப் போனார்.

அந்தப் பெட்டியின் வேலை எளிது. அளவு தெரிந்த மிகச் சிறிய சிக்னலை அது வெளியே விடும். அதை ரேடியோவுக்குள் செலுத்தி, குமிழைத் திருகிக் குறைத்துக்கொண்டே போகவேண்டும். எந்த அளவில் ரேடியோவுக்குக் கேட்காமல் போகிறதோ அதுதான் அந்த ரேடியோவின் காது. நல்ல செட்டுக்கு அரை மைக்ரோவோல்ட்டிலும் கேட்கும். ஒரு மைக்ரோவோல்ட்டுக்குள் கேட்டால் பாஸ். வோல்ட்டைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு. அந்த அளவுக்குச் சிக்னலைக் குறைப்பது பெட்டிக்குள் இருக்கும் அட்டெனுவேட்டர் என்ற உறுப்பு. அரிசி மணி அளவு ரெசிஸ்டர்களின் வரிசை, அவ்வளவுதான்.

அதனால் அந்த அறையில் ஒரே ஒரு சட்டம் உண்டு. செட்டைப் பெட்டியோடு இணைப்பதற்கு முன்னால் மைக்கைக் கழற்றிச் சுவரில் இருக்கும் ஆணியில் மாட்டிவிட வேண்டும். ஏனென்றால் மைக்கை அழுத்தினால் அதே ஏரியல் துளை வழியாக நான்கு வாட் வெளியே பாயும். அரிசி மணிகள் அதைத் தாங்காது. அன்று வந்த செட்டில் மைக் வயர் உள்ளே பற்றவைக்கப்பட்டிருந்தது, கழற்ற முடியாது. அண்ணன் அதை ரப்பர் வளையத்தால் கட்டி ஓரமாக வைத்துவிட்டுப் போனார்.

நான் ஏன் எடுத்தேன்? வெல்ட் கீயில் படகுச் சாமான் கடை வைத்திருக்கும் சீனி முகம்மதுதான் செட்டுகளை அனுப்புகிறவர். அவர் டெலிபோனில் கத்துவது மாதிரி நடித்துக் காட்டலாம் என்று கையில் எடுத்தேன். "ஹலோ, ஹலோ, பரமா அண்ணே..." கட்டைவிரல் தானாக அழுத்திவிட்டது. பெட்டியின் முள் ஒரு குதி குதித்துப் படுத்தது. லேசான கருகல் வாசனை வந்தது. பின்னால் வந்த கோப்பி வாசனையில் அது தெரியவில்லை.

அப்போதே சொல்லியிருக்கலாம். நான் பாயான் லெப்பாஸில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் வேலை பார்த்தேன். அங்கே ஒரு கருவி கீழே விழுந்தாலோ அதிக மின்சாரம் வாங்கினாலோ உடனே சிவப்புச் சீட்டுக் கட்டி ஓரமாக வைக்கவேண்டும். கட்டியவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள். நானே இருபது முப்பது சீட்டுக் கட்டியிருப்பேன். போன டிசம்பரில் அண்ணனின் பச்சைப் பெட்டியை ஒரு சனிக்கிழமை தொழிற்சாலைக்குக் கொண்டுபோய்ச் சரிபார்த்து, 'அளவு சரி' என்று தேதி போட்டுக் கையெழுத்திட்டு ஒரு வெள்ளைச் சீட்டை அதன் நெற்றியில் ஒட்டியவனும் நான்தான்.

கோப்பி குடித்த பிறகு சொல்லலாம் என்று இருந்தேன். அண்ணன் கோப்பியை வைத்துவிட்டுக் குமிழைத் திருகினார். ரேடியோ அழகாகக் கேட்டது. அவர் முகம் மலர்ந்தது. பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மார்ச்சில் ஒரு நாள் அவர் என்னைக் கையைப் பிடித்து உட்காரவைத்தார். ஐம்பத்திரண்டு வயதுக்காரர், கப்பல் ஏஜென்சி ஒன்றில் தலைமைக் குமாஸ்தா. அலுவலகத்தில் சிரிக்கவே மாட்டார் என்று சொல்வார்கள்.

"பழனி, இந்த ஜப்பான்காரன் செட்டைப் பாத்தியா? புள்ளி ஒண்ணிலயே கேக்குது. புத்தகத்தில புள்ளி அஞ்சுதான் போட்டிருக்கு. போன வாரம் வந்ததும் இப்பிடித்தான். நான் ட்யூன் பண்ணினா ஊசி விழுற சத்தமும் கேக்கும் போல."

புத்தகத்தில் போட்டிருப்பதைவிட ஐந்து மடங்கு நன்றாக ஒரு ரேடியோவுக்குக் கேட்கிறது என்றால் சந்தேகப்பட வேண்டியது பெட்டியைத்தான். தொழிற்சாலையில் புதிதாகச் சேர்ந்த பெண்கூட அதைச் சொல்லிவிடுவாள். அண்ணனுக்குத் தன் கைவேலையின் மேல் இருந்த சந்தோஷம் கண்ணை மறைத்துவிட்டது. என் கண்ணை எதுவும் மறைக்கவில்லை.

"அட்டெனுவேட்டரை ஒரு தடவை செக் பண்ணிப் பாக்கலாமாண்ணே?" என்றேன்.

அவர் வெள்ளைச் சீட்டைத் தட்டிக் காட்டினார். "நீதானே எழுதின? மூணு மாசம்கூட ஆகல. உன் கையெழுத்தையே நீ நம்ப மாட்டியா?"

நான் சிரித்துவைத்தேன்.

ஏப்ரலில் முகம்மது கனி வந்தான். சீனி முகம்மதுவின் அண்ணன் மகன், இருபத்துநான்கு வயது. தெலோக் கும்பார் மீனவக் கிராமத்தில் அக்கா ரொஸ்னாவின் வீட்டில் மலாய்க்காரத் தாயோடு இருந்தான். ரொஸ்னாவின் புருஷன் ஒஸ்மானின் படகில் வேலை. நெகிழிப்பையில் சுற்றிய செட்டை மார்போடு அணைத்துக்கொண்டு மாடி ஏறி வந்தான். இன்னொரு கையில் கெம்போங் மீன்.

"அங்கிள், பக்கத்துல உள்ள போட் பேசுறது நல்லா கேக்குது லா. மேற்கால வெளிய போறவன் பேசினா ஒண்ணுமே இல்ல. மத்த போட்ல எல்லாம் கேக்குதாம்."

அண்ணன் மைக்கைக் கழற்றி ஆணியில் மாட்டினார். கேபிளைச் செருகினார். குமிழைத் திருகினார். ஒரு மைக்ரோவோல்ட்டில் கரகரவென்று கேட்டது. மற்றவை போல அற்புதமாக இல்லைதான், ஆனாலும் பாஸ். நோட்டில் எழுதிக்கொண்டார்.

"செட் நல்லா இருக்கு தம்பி. எஞ்சின் சத்தமா இருக்கும். பிளக்கைப் பாரு."

இரண்டு வாரம் கழித்து மறுபடி வந்தான். "பிளக் மாத்தியாச்சு அங்கிள். ஏரியலும் மாத்தியாச்சு. அதேதான்."

மறுபடி சோதித்தார். மறுபடி பாஸ்.

"அப்ப உன் காதிலதான் பிழை. காதை சர்வீசுக்குக் குடு."

"காதுக்கு ஸ்பேர் பார்ட் எங்க கிடைக்கும் அங்கிள்? சித்தப்பா கடையில ஸ்டாக் இருக்கா?"

மூவரும் சிரித்தோம். நானும்தான். அவன் செட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "சரிலா, என் பக்கம்தான் ஏதோ சலா, தப்பு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான். அதற்குப் பிறகு வரவில்லை.

மே மாதம் மூன்றாவது வாரம், ஒரு வியாழக்கிழமை விடிகாலை, சுமத்ரா காற்று அடித்தது. அந்தப் பருவத்தில் மேற்கிலிருந்து திடீரென்று வரும். அரைமணி நேரத்தில் கடலைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போகும். சுங்கை பினாங்கில் எங்கள் வீட்டு ஜன்னல் கதவு அடித்துக்கொண்டதில் விழித்தேன். எழுந்து சாத்திவிட்டுப் படுத்துக்கொண்டேன். மறுநாள் பத்திரிகையின் மூன்றாம் பக்கத்தில் நாலு வரி. தெலோக் கும்பார் படகு ஒன்று கவிழ்ந்தது, ஒருவர் மீட்கப்பட்டார், ஒருவரைக் காணவில்லை. பெயர்களை இரண்டு தடவை படித்தேன். பிறகு எழுந்து வேலைக்குப் போனேன். பஸ்ஸில் இறங்கவேண்டிய இடம் தாண்டி இரண்டு ஸ்டாப் போய்விட்டிருந்தேன்.

மூன்றாம் நாள் பூலாவ் கெண்டி தீவுக்குப் பக்கத்தில் கனியின் உடல் கிடைத்தது.

திங்கட்கிழமை சாயங்காலம் அண்ணனும் நானும் துக்கம் கேட்க வெல்ட் கீக்குப் போனோம். சீனி முகம்மது கல்லாவுக்குப் பின்னால் சட்டைப் பொத்தான் போடாமல் உட்கார்ந்திருந்தார். கயிறு வாங்க வந்த இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

"எல்லா போட்டுக்கும் கேட்டிருக்குண்ணே" என்றார் சீனி முகம்மது. "வெளிய நின்னவன் ரேடியோல கத்தியிருக்கான், காத்து வருது ஓடுங்கன்னு. ஆறு போட் திரும்பி வந்துடுச்சு. இவங்களையும் அவனேதான் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கான், பத்துத் தடவை. பதிலே இல்ல."

"ரேடியோவுக்கு யார் இருந்தது?" என்று கயிறு வாங்க வந்தவர்களில் ஒருவர் கேட்டார்.

"கனிதான். ஒஸ்மான் வலையைப் பாத்துக்கிட்டு முன்னால இருந்தானாம். ரேடியோகிட்ட கனிய உக்கார வெச்சிருக்கான். பய தூங்கிட்டான் போல." அவர் பரமநாதன் அண்ணனைப் பார்த்தார். "செட்டு நல்ல செட்டுதானேண்ணே?"

"ரெண்டு தரம் பாத்தனான். ஒரு பிழையும் இல்ல."

"அப்ப தூங்கிட்டான்."

கயிறு வாங்க வந்தவர் உச்சுக் கொட்டி, "இந்தக் காலத்துப் பயலுக" என்றார்.

அப்போதுதான் கடையின் பின்பக்கத்திலிருந்து ரொஸ்னா வந்தாள். அவள் அங்கே இருப்பது எங்களுக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் ஒஸ்மானைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். கையில் டிபன் கேரியர்.

"அவன் தூங்க மாட்டான் சித்தப்பா."

"நீ போட்லயா இருந்த?"

"சின்ன வயசுலேர்ந்து காத்து அடிச்சாலே அவனுக்குத் தூக்கம் வராது. உங்களுக்குத் தெரியாதா?"

"ரொஸ்னா, போனது போயிடுச்சு. யாரும் அவனைக் குத்தம் சொல்லல."

"சுராவ்ல தொழ வர்றவங்க சொல்றாங்க. ஒஸ்மானே சொல்றார். மாக் நாலு நாளா சோறு திங்கல. 'என் புள்ள தூங்கி, உன் புருஷனையும் கொன்னிருப்பான்'னு என்கிட்ட மன்னிப்புக் கேக்குறாங்க சித்தப்பா. பெத்த தாய் என் காலைப் புடிக்கிறாங்க." அவள் அண்ணன் பக்கம் திரும்பினாள். "அங்கிள், செட்டு நெஜமாவே நல்லா இருந்துச்சா?"

அண்ணன் வருத்தத்தோடு, ஆனால் தயங்காமல் சொன்னார். "ஓம் மகள். நான் பொய் சொல்ல மாட்டேன். செட்டில பிழை இல்ல."

அவள் தலையை ஆட்டினாள். டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள். அவளை நிறுத்த எனக்கு ஒரு வாக்கியம் போதும். பஸ் திரும்பி மறையும்வரை கடை வாசலில் நின்றேன்.

அண்ணனின் பஸ்ஸில் நானும் ஏறினேன்.

"இது உன் பஸ் இல்லயே" என்றார்.

"தெரியும்ணே."

நான்காவது மாடிக்கு ஏறிப் பின்னறைக்குப் போய், ஸ்க்ரூடிரைவரை எடுத்து பச்சைப் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்ற ஆரம்பித்தேன். அவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அட்டெனுவேட்டருக்கு உருண்டையான பித்தளை மூடி. அதையும் திறந்தேன். கடைசி வரிசையில் ஒரு ரெசிஸ்டரின் நடுவில் கருப்பு வளையம். விரல் பட்டதும் அது இரண்டாக உடைந்தது.

"நான் மைக்கை அழுத்திட்டேண்ணே" என்றேன்.

அவர் விளக்கைப் பக்கத்தில் இழுத்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து குனிந்து பார்த்தார். மீட்டரின் முனைகளை வைத்து அளந்தார். மறுபடி அளந்தார்.

"எப்ப?"

"பிப்ரவரி. மைக் வயர் பத்தவெச்ச செட் ஒண்ணு வந்துச்சே, அன்னிக்கு. நீங்க கோப்பி எடுக்கப் போனீங்க."

"எத்தனை செகண்ட்?"

"மூணு இருக்கும்."

"முள் ஆடிச்சா?"

"ஆடிச்சு."

"வாசனை?"

"வந்துச்சு."

அவர் ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டார். ஒரு கணக்கு, அதன் கீழே இன்னொரு கணக்கு. நான் பஸ்ஸிலேயே மனதில் தோராயமாகப் போட்டுப் பார்த்திருந்தேன். குமிழ் ஒன்று என்று காட்டும்போது பெட்டி ஆறை வெளியே விட்டுக்கொண்டிருந்தது. ஆறு கொடுத்தால்தான் கேட்கும் செவிட்டுச் செட்டுக்கு, ஒன்றிலேயே கேட்கிறது என்று நாங்கள் பாஸ் போட்டிருந்தோம். முப்பது மைலில் கேட்கவேண்டிய குரல் அந்தச் செட்டில் பத்து மைலுக்கு அப்பால் கேட்டிருக்காது. கனி சொன்னதும் அதேதான்: பக்கத்தில் இருப்பவன் கேட்கிறான், தூரத்தில் இருப்பவன் கேட்கவில்லை. எங்கள் பெட்டியைவிட அவன் காது சரியாக அளந்திருந்தது.

அண்ணன் பென்சிலை வைத்தார். "ஆறு மடங்கு" என்றார். பிறகு நோட்டைப் புரட்டி எண்ணினார். பிப்ரவரியிலிருந்து பதினான்கு செட். "பதிமூணு இப்பவும் கடலில நிக்குது பழனி."

"தெரியும்ணே."

"தெரியும்." அந்தச் சொல்லை அவர் திருப்பிச் சொன்னபோதுதான் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். "அந்தப் பொடியன் ரெண்டாம் தரம் வந்தபோது நீயும் இந்த ஸ்டூலிலதான் இருந்தாய். நான் அவன்ர காதைப் பிழை சொன்னேன். நீ சிரிச்சாய்."

அவர் அடித்திருந்தால் நின்றிருப்பேன். திட்டியிருந்தால் கேட்டிருப்பேன். அவர் இரண்டையும் செய்யவில்லை. வெள்ளைச் சீட்டை நகத்தால் கிழிக்கப் பார்த்தார், அது வரவில்லை. விட்டுவிட்டார். நாற்காலியில் உட்கார்ந்து, "நான்தானே பாக்கவேணும். காலையில முதல் வேலை பெட்டியைப் பாக்கிறது. புள்ளி ஒண்ணுன்னு காட்டினப்பவே எனக்கு அறிவு எங்க போச்சு?" என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டிருந்தார்.

யோகம்மா அக்கா எப்போது வந்து நின்றார் என்று தெரியவில்லை. கையில் கரண்டி இருந்தது.

"பதிமூணு பேர் கடலில இருக்கிறாங்க. செத்தவன் தூங்கினான்னு ஊர் சொல்லுது. நீங்க ரெண்டு பேரும் இங்க இருந்து யாருக்கு அறிவு போச்செண்டு கதைக்கிறீங்க? போனை எடுங்க."

அண்ணன் எழுந்து சீனி முகம்மதுக்கு டெலிபோன் செய்தார். அவர் இங்கே பேசியது எனக்குக் கேட்டது. பிறகு அந்தப் பக்கம் குரல் உயர்ந்தது, ரிசீவரைக் காதிலிருந்து விலக்கிப் பிடிக்கும் அளவுக்கு.

"செட்டுகளை நாளைக்கே வாங்கிடறேண்ணே, அது என் பொறுப்பு. ஆனா கனி விஷயம் வேணாம். தக்தீர், விதின்னு எல்லாரும் மனசைத் தேத்திக்கிட்டாங்க. இப்பப் போயி ரேடியோ கெட்டது, அதைச் சரின்னு சொல்லிக் குடுத்தோம்னு சொன்னா? என் கடையிலேர்ந்து போன செட்டுண்ணே அது. அண்ணன் மக எனக்கு முகம் குடுப்பாளா? போட்டுக்காரன் எவன் என் கடை வாசல மிதிப்பான்?"

"சீனி, பொடியன் தூங்கினான்னு நீயும் நானும்தான் சொன்னது."

"எனக்கு எப்படித் தெரியும்? நீங்க சொன்னீங்க செட்டு நல்ல செட்டுன்னு!"

"அதைத்தான் நானும் சொல்லுறேன்."

டெலிபோன் வைக்கப்பட்டது. எந்தப் பக்கம் முதலில் வைத்தார்கள் என்று தெரியவில்லை.

மறுநாள் காலை சீனி முகம்மது தன் வேனில் தெலோக் கும்பார், பத்து மாவோங், கோலா மூடா என்று அலைந்து மாலைக்குள் பதினொரு செட்டுகளைக் கொண்டுவந்து இறக்கினார். இரண்டு படகுகள் கடலில் இருந்தன. அவை புதன்கிழமை திரும்பின. நான் தொழிற்சாலையிலிருந்து ஒரு நல்ல ஜெனரேட்டரை இரவல் கேட்டு வாங்கினேன். காரணம் கேட்ட சூப்பர்வைசரிடம் உள்ளதைச் சொன்னேன். அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பதிமூன்றில் மூன்று செட் செவிடு. மூன்றிலும் உப்புநீர் உள்ளே போயிருந்தது. மூன்றுக்கும் அண்ணனின் கையெழுத்தில் பாஸ்.

வியாழக்கிழமை, கனி போய் ஒரு வாரம் ஆன அன்று, நானும் அண்ணனும் தெலோக் கும்பாருக்கு பஸ்ஸில் போனோம். அண்ணன் அலுவலகத்துக்குப் போகும் வெள்ளைச் சட்டையைப் போட்டிருந்தார். வழியில் ஒன்றே ஒன்று சொன்னார்: "நான் கதைக்கிறேன். நீ சும்மா இரு."

பலகை வீடு, முன்னால் வலைகள் காய்ந்துகொண்டிருந்தன. ஒஸ்மான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டிருந்தான். தொடைக்குக் கீழே கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் நீட்டி வைத்துக்கொண்டிருந்தான். அவன் மலாய்க்காரன், தமிழ் பாதி புரியும். ரொஸ்னா எங்களுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். பின்கட்டில் அவள் தாய் ஏதோ நறுக்கும் சத்தம் கேட்டது.

அண்ணன் எழுந்து நின்று பேசினார். வகுப்பில் நிற்கும் மாணவனைப் போல இருந்தது. "மகள், திங்கட்கிழமை நான் உனக்குச் சொன்னது பிழை. உங்கட செட்டுக்குத் தூரத்துக் குரல் கேக்காது. என்ர சோதனைப் பெட்டி பழுதாகியிருந்தது. நான் அதைக் கவனிக்கல. உன்ர தம்பி ரெண்டு தரம் வந்து சொன்னான். ரெண்டு தரமும் அவனைத் திருப்பி அனுப்பினது நான். பெட்டி என்ர பெட்டி, பிழை என்ர பிழை."

அவர் அதோடு நிறுத்திவிட்டார். என்னைப் பற்றி ஒரு சொல் இல்லை. எனக்கு அதிர்ச்சியாக இருந்தது. அவர் என்னைக் காட்டிக்கொடுப்பார் என்று பயந்துகொண்டுதான் வந்திருந்தேன். அவர் மறைத்துவிட்டால் என்ன செய்வது என்று யோசிக்கவே இல்லை. தண்ணீர்க் கிளாஸ் என் கையில் இருந்தது. அப்படியே இருந்திருந்தால் அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு பஸ்ஸேறி வீட்டுக்குப் போயிருப்பேன்.

"பெட்டியைப் பழுதாக்கினது நான்" என்றேன். ஒஸ்மானுக்கும் புரியவேண்டும் என்று மலாயில் சொன்னேன். பிப்ரவரி, மைக், மூன்று விநாடி, வாசனை, கோப்பி. கனி வந்த இரண்டு நாளும் நான் அங்கே இருந்தது. எனக்குத் தெரிந்திருந்தது. எதையும் விடவில்லை. சொல்லி முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

பின்கட்டில் கத்திச் சத்தம் நின்றிருந்தது.

ஒஸ்மான் என்னைப் பார்க்கவில்லை. தன் கட்டுப் போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தான். "நான் சொன்னேன்" என்றான் மெதுவாக. "ஆஸ்பத்திரிக்கு வந்தவங்க எல்லார்கிட்டயும் நான் சொன்னேன், அவன் தூங்கிட்டான்னு." பிறகு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான்.

ரொஸ்னா அழவில்லை. கோர்ட்டில் கேட்பது மாதிரி என்னிடம் ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"அவன் தூங்கினானா இல்லையான்னு உங்களுக்குத் தெரியுமாண்ணே?"

"தெரியாது."

"முழிச்சிருந்தா கேட்டிருக்குமா?"

"கேட்டிருக்காது."

"காதை ஸ்பீக்கர்ல வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தா?"

"அப்பவும் கேட்டிருக்காது."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சுத்தான் சொல்றேன். கேட்டிருக்காது."

அவள் எழுந்து பின்கட்டுக்குப் போனாள். தாயிடம் மலாயில் பேசியது எங்களுக்குக் கேட்டது. நான் சொன்னதை அவள் அப்படியே சொல்லவில்லை. "மாக், கனி தூங்கல. அவன் முழிச்சுத்தான் இருந்தான்" என்றாள். அதைத் திருத்த எனக்கு என்ன உரிமை? உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. அது அழுகையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நீண்ட நேரம் தண்ணீருக்குள் இருந்துவிட்டு மேலே வந்தவர் மூச்சை இழுப்பது போல இருந்தது.

அண்ணன் என் கையைத் தொட்டு, போகலாம் என்று சைகை காட்டினார். செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது ரொஸ்னா வாசலுக்கு வந்தாள். முகத்தைக் கழுவியிருந்தாள்.

"நாளைக்கு வெள்ளிக்கிழமை" என்றாள். "பள்ளிவாசல்ல தொழுகை முடிஞ்சு எல்லாரும் வெளிய மரத்தடியில நிப்பாங்க. அங்க வந்து சொல்லணும். இப்ப சொன்ன மாதிரியே. மலாய்ல."

அண்ணன், "நான் வாறேன் மகள்" என்றார்.

"நீங்க வேணாம் அங்கிள். இவரு." அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். "அடிச்சாலும் அடிப்பாங்க. எனக்குத் தெரியாது. நான் யாரையும் தடுக்க மாட்டேன்."

"எத்தனை மணிக்கு?" என்றேன்.

"ரெண்டு மணிக்கு வாங்க. பிந்தாதீங்க. கடலுக்குப் போயிடுவாங்க."

வருகிறேன் என்று சொன்னேன். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அண்ணனும் நானும் பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தோம். அங்கே நின்று, மலாயில் சொல்லவேண்டியதை முதல் வாக்கியத்திலிருந்து மனதுக்குள் சொல்லிப் பார்க்க ஆரம்பித்தேன்.